முந்தி வரும் அருள்: அகுஸ்தீனின் தாழ்மைக் கோட்பாடு

மனிதன் தன்னைத் தாழ்த்தினால் கடவுள் அருள் பொழிவார் என்பதே தாழ்மையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் (354–430) இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். அவர் பார்வையில் அருள் முந்தி வருகிறது, தாழ்மை அதன் விளைவாகப் பிறக்கிறது. மனித முயற்சியை வலியுறுத்திய பெலாஜியுஸுடன் நடந்த வாதத்தின் சூட்டில் எழுந்த மிகைக்கூற்று இது என்று சொல்வோர் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. 394 அளவில் உரோமையர் திருமுகத்தை விளக்கியபோது, நம்புவது மனிதனின் பங்கு, நற்செயலுக்கான வலிமை தருவது கடவுளின் பங்கு என்றே அகுஸ்தீன் பிரித்திருந்தார். ஓரிரு ஆண்டுகளுக்குள், மிலானின் சிம்ப்ளிசியானுஸ் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதுகையில் அந்தப் பிரிவினை உடைகிறது. யாக்கோபும் ஏசாவும் பிறக்கும் முன்பே தேர்வு நடந்துவிட்டது என்கிறார் பவுல். மனிதனிடம் உள்ளதெல்லாம் பெற்றுக்கொண்டதே என்றும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நம்பிக்கையை மட்டும் மனிதன் தன் கைமுதலாக வைத்துக்கொண்டால், நம்பியவன் நம்பாதவனைப் பார்த்துப் பெருமை பாராட்ட ஒரு மூலை மிஞ்சும். அந்த மூலையையும் அகுஸ்தீன் விட்டுவைக்கவில்லை. பெலாஜியுஸின் கருத்துகளுக்கு எதிரான சர்ச்சை தொடங்கியதோ 411க்குப் பிறகுதான்.

பெலாஜியுஸின் கவலையைக் குறைத்து மதிப்பிடுவதும் நியாயமாகாது. பெயரளவிலான உரோமைக் கிறிஸ்தவர்களின் ஒழுக்கத் தளர்ச்சி அவரை வருத்தியது. கடவுள் எதைக் கட்டளையிடுகிறாரோ அதைச் செய்யும் ஆற்றலையும் அவரே தரவேண்டும் என்ற, அகுஸ்தீனின் 'ஒப்புதல்கள்' நூலில் வரும் மன்றாட்டு, சோம்பலுக்குச் சாக்காகிவிடும் என அவர் அஞ்சினார். இதே அச்சம் பின்னர் அகுஸ்தீனின் ஆதரவாளர்களிடையேயும் தலைதூக்கியது. 426 அளவில், இன்றைய துனிசியாவிலிருந்த ஹத்ருமேத்தும் மடத்தில் அவருடைய கடிதமொன்றைப் படித்த துறவிகள் குழம்பினர். எல்லாம் அருள் என்றால், தவறும் துறவியை மூத்தவர் ஏன் கண்டிக்க வேண்டும், அவனுக்காக மன்றாடினால் போதாதா என்பது கேள்வி. விடையாக அகுஸ்தீன் ஒரு முழு நூலே எழுதினார். கண்டிப்பும் அருள் செயல்படும் வழிகளுள் ஒன்று. கண்டிக்கப்பட்டவன் மனம் வருந்தினால், அந்த வருத்தத்தைத் தந்தவரும் கடவுளே. ஆகவே முயற்சி நிற்பதில்லை, முயன்றவனின் உரிமை கோரல்தான் நிற்கிறது. யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்பதை மூத்தவர் அறியமாட்டார்; ஆகையால் எவரையும் கைவிட அவருக்கு உரிமையில்லை, திருந்தியவனைத் தம் சாதனையாகக் காட்டவும் முடியாது. சோம்பலுக்குச் சாக்கு என்ற குற்றச்சாட்டு இந்த விடையின் முன் வலுவிழக்கிறது என்றே கருதுகிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அருள் சிலருக்கு மட்டும் என்றால், மற்றவர்களின் அழிவுக்கு யார் பொறுப்பு? கடவுளின் தீர்ப்பு ஆராய்ந்தறிய முடியாதது என்பதற்கு மேல் அகுஸ்தீன் செல்லவில்லை, அது விளக்கமாகாது. 529இல் ஒராஞ்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இந்த இடத்தில் கவனமாக நடந்துகொண்டது. நம்பிக்கையின் தொடக்கமே அருள்தான் என்பதை ஏற்றது; கடவுள் தம் வல்லமையால் சிலரைத் தீமைக்கென முன்குறித்தார் என்ற கருத்தை வன்மையாக மறுத்தது.