பாகூ மேடையில் மஜ்னூன்



சில நாள்களுக்கு முன் ஸூரத்துல் கலமின் தொடக்க வசனங்களை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மக்கத்து நிராகரிப்பாளர்கள் நபி (ஸல்) அவர்கள்மீது சுமத்திய ‘மஜ்னூன்’ என்ற பழிச்சொல்லை அல்லாஹ் மறுக்கும் இடம் அது. பின்வரிசை மாணவர் ஒருவர், “உஸ்தாத், லைலா மஜ்னூவில் வருவதும் இதே சொல்தானா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. இதே சொல்தான் என்றேன். அவருக்குச் சொல்ல வேண்டிய மீதியை இங்கே எழுதுகிறேன்.

பனூ ஆமிர் குலத்துக் கைஸ், லைலாவின் மீது கொண்ட காதலால் அறிவு பேதலித்துப் பாலைவனத்தில் அலைந்தார் என்பது அரபு நாட்டுச் செவிவழிச் செய்தி. அப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்பதிலேயே பண்டைய அறிஞர்களுக்கு ஐயம் இருந்தது. 1188-இல் கஞ்சா நகரத்து நிஸாமி அதைப் பாரசீகக் காவியமாக்கினார். நம் தில்லியின் அமீர் குஸ்ரூவும் அதே கதையைப் பாடினார். பதினாறாம் நூற்றாண்டில் இராக்கில் வாழ்ந்த ஃபுஸூலி அதை அஸர்பைஜானியத் துருக்கி மொழியில் எழுதினார். இவர்கள் கையில் அது வெறும் காதல் கதையாக நிற்கவில்லை. படைப்பின் மீது கொண்ட நேசம் படைத்தவனின் பக்கம் திரும்பும் பயணமாகவே ஸூஃபிகள் அதை வாசித்தார்கள்.

இந்தக் காவியத்தை முதன்முதலில் இசை நாடகமாக்கியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். 1885-இல் பிறந்த உஸெயிர் ஹாஜிபெயோவ், ஷுஷா நகரில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அவ்வூரில் ‘லைலாவின் கல்லறையருகே மஜ்னூன்’ என்ற ஒரு காட்சியை நடித்துக் காட்டினார்கள். அது மனத்தில் தங்கிவிட்டதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். பத்தாண்டுகள் கழித்து, 1908 ஜனவரி 25 அன்று, பாகூவில் ‘லைலாவும் மஜ்னூனும்’ அரங்கேறியது. முஸ்லிம் கிழக்கின் முதல் ஓபரா என்று அதைச் சொல்கிறார்கள். அரங்கைக் கட்டியவர் எண்ணெய்ச் செல்வந்தர் ஹாஜி ஸைனுல் ஆபிதீன் தகியேவ். முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று அந்நகரில் பள்ளிக்கூடம் நிறுவியவரும் அவரே.

இசைக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும் என்ற உலமாக்களின் கருத்தையே நான் பின்பற்றுகிறேன். அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் ஒரு முஸ்லிம் சமுதாயம் தன் காவியத்தை என்ன செய்தது என்பதை அறிவது வேறு. அதிலும் என்னை நிறுத்தி வைத்தது ஒரு செய்தி. ஹாஜிபெயோவ் கூட்டுப்பாடல்களையும் வாத்தியக் குழுவின் பகுதிகளையும் ஐரோப்பிய முறையில் சுரப்படுத்தி எழுதினார். கதாபாத்திரங்கள் தனித்துப் பாடும் பெரும்பகுதியை எழுதவில்லை. அவ்விடங்களில் இன்ன முகாம் பாடப்பட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. முகாம் என்பது அம்மண்ணின் மரபிசை. ஆசானின் வாயிலிருந்து மாணவரின் செவிக்கு வருவது. ஃபுஸூலியின் ஈரடிகளைப் பாடகர் தம் ஆசானிடம் கற்ற வழியில் அந்த நேரத்திலேயே விரித்துப் பாட, தார் என்னும் நரம்புக் கருவி பின்தொடரும். எனவே ஒவ்வோர் இரவும் மஜ்னூனின் புலம்பல் சற்றே வேறாக இருந்தது.

ஏடு மட்டும் போதாது, ஆசான் முன் அமர வேண்டும் என்று மத்ரஸாவில் நாங்கள் நாள்தோறும் சொல்கிறோம். கிராஅத்துக்கும் மேடைப் பாட்டுக்கும் நான் ஒப்புமை கூறவில்லை, அல்லாஹ் காப்பானாக. வாய்வழிக் கல்வியின் அருமையை அந்த இளைஞர் உணர்ந்திருந்தார் என்று மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய வடிவத்தின் மீதிருந்த மயக்கத்தில் எல்லாவற்றையும் சுரத்தில் அடைத்திருந்தால், பாகூ மக்களுக்கு அது அயலான் வீட்டுச் சரக்காகவே தோன்றியிருக்கும். முஹர்ரம் மாதத்தில் கர்பலா நிகழ்ச்சியைப் பாட்டோடு நடித்துக் காட்டும் ‘ஷபீஹ்’ வழக்கம் அங்குள்ள ஷீஆக்களிடம் முன்பே இருந்தது. கதையைப் பாட்டாகக் கேட்டு அழுவது அவர்களுக்குப் புதிதன்று.

மஜ்னூனாகப் பாடியவர் ஹுஸைன்குலி ஸராப்ஸ்கி. பல ஆண்டுகள் அந்த வேடம் அவருடையதாகவே இருந்தது. லைலாவாக நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. அப்துர்ரஹீம் ஃபரஜோவ் என்ற, தேநீர்க் கடையில் வேலை பார்த்த இளைஞர் அந்த வேடம் ஏற்றார். நான்காண்டுகள் கழித்து, 1912-இல், ஷவ்கத் மம்மதோவா என்ற பெண் பாகூவில் மேடையேறிப் பாடியபோது கூட்டம் கொந்தளித்தது. அவர் தப்பியோட நேர்ந்தது. பெண்கள் மேடையேறுவதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. அதற்காக ஒரு பெண்ணைத் துரத்தியவர்களை மார்க்கத்தின் காவலர்கள் என்று அழைக்க என் நா எழவில்லை.

காவியத்துக்கு இழப்பு இல்லாமலும் இல்லை. ஃபுஸூலி இறைவனிடம் முறையிட்டும் நபி (ஸல்) அவர்களைப் புகழ்ந்தும் தம் நூலைத் தொடங்குகிறார். ஆயிரக்கணக்கான ஈரடிகளில் மெல்ல விரிவது கைஸின் அகமாற்றம். ஓர் இரவின் நாடகத்துக்குள் பள்ளிக்கூடம், திருமணம், பாலைவனம், கல்லறை என்று நிகழ்ச்சிகள்தாம் அடங்கும். லைலாவைக் கடந்து சென்ற மஜ்னூனை விட லைலாவுக்காக அழுகின்ற மஜ்னூனே மேடைக்கு வசதியானவர். முகாம் பாடப்படும் நீண்ட இடங்களில் கதை நின்று அந்த அழுகை வேறொன்றாகக் கனிகிறது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

பின்னர் சோவியத் ஆட்சியில், 1937-இல், ஹாஜிபெயோவ் ‘கோரோக்லு’ என்ற நாட்டார் வீரகதையை ஓபராவாக்கினார். அதில் எல்லாப் பாடல்களையும் சுரப்படுத்தியே எழுதினார். ‘லைலாவும் மஜ்னூனும்’ நாடகத்தில் மட்டும் அந்த இடங்கள் இன்றளவும் பாடகருக்காக எழுதப்படாமலே இருக்கின்றன.