எண்ணெய் விலை ஏறியபோது நெய்வேலி

1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. அதைத் தொடர்ந்து, பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. இந்தியாவில் விலைவாசி எகிறியது. அந்த அடியைத் தாங்க நெய்வேலியில் முன்பே ஏற்பாடு இருந்தது: 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம், சோவியத் உதவியுடன் எழுந்து 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் நிலையம். எங்கள் டவுன்ஷிப் வீட்டில் அம்மா அந்தப் பழுப்பு நிலக்கரியில் செய்த ‘லெக்கோ’ கரிக்கட்டியில்தான் சமைப்பாள். அடுப்புக்கரி போட்டு விசிறினால் மெல்லப் பற்றும்; பிறகு புகையில்லாமல் நின்று எரியும். இந்த நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்த கிராமங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். போர் வந்தபின் மாற்று எரிபொருள் தேடினால் பணமும் நிற்காது, பொருளும் கிடைக்காது. பத்தாண்டுக்கு முன்பே போட்ட முதலீடுதான் கைகொடுத்தது. இன்று திட்டமிடுவோர் இதை மறக்கக் கூடாது.