விவாதிக்கப்படாத வர்த்தமானி

2020 ஒக்டோபர் பிற்பகுதி. பேலியகொடை மீன் சந்தையில் பரவிய கொவிட் தொற்று வடகொழும்பை எட்டியதும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்டது. அடுத்த மாதம், கொழும்பில் வீடுகளிலேயே உயிர் போனவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தன. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஆனால் கூலிக்கு வழியில்லாமற் போகும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. முஸ்லிம் வீடுகளில் இன்னொரு பயமும் இருந்தது: தொற்று உறுதியாகி இறந்தால் ஜனாஸாவை எரித்துவிடுவார்கள்.

அந்தப் பயத்தை உண்டாக்கியது அரசுதான். அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட முதல் வழிகாட்டலில் அடக்கத்துக்கும் இடமிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்லியிருந்தது. சில நாட்களில் அமைச்சின் நிலை மாறியது. ஏப்ரல் 11 அன்று வெளிவந்த வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதற்கான ஆய்வு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. அதிகாரிகளைக் குறைகூறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஏப்ரல் 1ஆம் திகதியே பொலிஸ் அறிவித்திருந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். கேள்வி கேட்கவே அஞ்சும் ஊரில் அரசின் பதிலை யார் நம்புவார்?

கேட்டவர்களும் இருந்தார்கள். பேராதனையில் மருத்துவம் படித்தவர், 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த ஹொங்கொங் குழுவின் முன்னோடி, பேராசிரியர் மலிக் பீரிஸ். உயிருள்ள கலங்களில்தான் வைரஸ் பெருகும், முறைப்படி புதைத்த உடலால் நிலத்தடி நீருக்கு ஆபத்து வரும் என்பதற்கு அடிப்படை இல்லை என்று அவர் விளக்கினார். தகனத்தை எதிர்த்த மனுக்களை டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்மானத்தால் விசாரணைக்கு ஏற்காமல் விட்டது. காரணம் கூறப்படவில்லை. அதே மாதம், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள்.

அதே டிசம்பரில்தான் கேகாலையில், கொவிட்டுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட தம்மிக்க பண்டாரவின் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகவே அருந்தினார். மறுமாதம் அவருக்கும் தொற்று உறுதியானது. நிபுணரின் சொல்லைத் தள்ளிவிட்டு பாணிக்கு மேடை கொடுத்த ஓர் அமைச்சு, அடுத்து என்ன சொன்னாலும் மக்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

ஜனவரியில் மருத்துவர் சங்கங்களே அடக்கத்துக்கு அனுமதிக்கலாம் என்றன. முடிவு மாறாது என்றார் அமைச்சர், பாராளுமன்றத்தில். கடைசியில் மாறியது 2021 பெப்ரவரி 25 அன்று, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து சென்ற மறுநாள். மார்ச் 5 முதல் கிழக்கிலுள்ள ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் தொடங்கின. கொழும்பில் இறந்தவரையும் நாட்டின் மறுகரைக்கு, இராணுவக் காவலோடு, கொண்டுபோகவேண்டியிருந்தது.

கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில். அடக்கத்தால் நீர்நிலைகளுக்குத் தீங்கில்லை என்று ஆய்வுகள் காட்டியதையும் அப்போது அரசே ஒப்புக்கொண்டது.