ஸ்டாலின் கேட்ட இசைத்தட்டு

மாஸ்கோ வானொலியில் மரியா யூதினா பியானோ வாசிக்கிறார். மொட்சார்ட்டின் 23ஆம் கான்செர்ட்டோ. அந்த இசைத்தட்டை அனுப்பச் சொல்கிறார் ஸ்டாலின். நேரடி ஒலிபரப்பு என்பதால் தட்டே இல்லை. இரவோடு இரவாக இசைக்குழுவைத் திரட்டுகிறார்கள். நடுங்கிப்போன நடத்துநர்களை மாற்றி மாற்றிப் பதிவை முடித்து, ஒரே ஒரு பிரதி எடுக்கிறார்கள். ஸ்டாலின் 20,000 ரூபிள் அனுப்ப, யூதினா அதைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய பாவங்களுக்காக மன்றாடுவதாகப் பதில் எழுதுகிறார். ஸ்டாலின் இறந்தபோது அந்தத் தட்டுதான் கிராமபோனில் இருந்ததாம்.

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது? சொல்பவர்களைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால், வழிகள் எல்லாம் ஒரே நூலில் வந்து முடிகின்றன: இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் நினைவுக் குறிப்புகள் என்று சாலமன் வோல்கவ் 1979இல் வெளியிட்ட 'சாட்சியம்'. அப்போது ஷோஸ்டகோவிச் இறந்து நான்கு ஆண்டுகள். யூதினா 1970இலேயே மறைந்துவிட்டார்.

ஆக, யூதினா சொன்னதாக ஷோஸ்டகோவிச் சொன்னதாக வோல்கவ் சொல்வது. அந்தக் கடைசிக் கண்ணியும் உறுதியாக இல்லை. ஷோஸ்டகோவிச் படித்துக் கையெழுத்திட்ட பக்கங்களில் பல, அவர் ஏற்கெனவே அச்சில் வெளியிட்ட கட்டுரைகளின் பகுதிகள் என்று இசை ஆய்வாளர் லாரல் ஃபே 1980இல் காட்டினார். இதனால் மற்றப் பக்கங்கள் எல்லாம் பொய் என்றாகிவிடாது. ஆனால் அவற்றைத் தனிச் சான்றாக நிறுத்த முடியாது.

கிராமபோன் காட்சிக்கு வருவோம். ஸ்டாலின் இறந்து கிடந்ததாகக் கதை சொல்கிறது. உண்மையில், 1953 மார்ச் 1 இரவு குந்த்செவோ மாளிகையின் தரையில் பக்கவாதத்தால் விழுந்து கிடந்தவருக்கு உயிர் இருந்தது. இறந்தது மார்ச் 5. கண்டுபிடித்த காவலர் நினைவுகூர்ந்தவை, கீழே கிடந்த சட்டைப்பைக் கடிகாரமும் 'பிராவ்தா' நாளிதழும். இன்னொன்று: பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம்தான் அடங்கும். ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் கான்செர்ட்டோ ஒரு தட்டில் அடங்காது, பல தட்டுகள் வேண்டும்.

பதிவு மட்டும் மெய். அலெக்சாண்டர் காவுக் நடத்த யூதினா வாசித்தது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மெதுவான நடுப்பகுதியில் அவர் எடுத்துக்கொள்ளும் நிதானம் என்னைப் பலமுறை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் பதிவு இருப்பது அந்த இரவுக்குச் சான்று ஆகாது.

கதையைத் தள்ளிவைத்தாலும், அது காட்டும் யூதினாவின் துணிச்சலுக்கு வேறு சான்றுகள் உண்டு. கடவுள் நம்பிக்கையை மறைக்க மறுத்ததால் 1930இல் லெனின்கிராட் இசைக்கல்லூரி அவரை நீக்கியது. 1960இல் மாஸ்கோவின் க்னேசின் நிறுவன வேலையும் போயிற்று. பின்னர், கச்சேரி மேடையில் பாஸ்டர்நாக்கின் கவிதைகளை வாசித்ததற்காக, மேடையேறவே அவருக்குச் சில ஆண்டுகள் தடை விதித்தார்கள்.