நாய் வேண்டாம் என்ற நகரம்



நான்காம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, நாமெல்லாரும் காலங்காலமாகக் கொடுத்துவரும் 'என் செல்லப்பிராணி'தான். ஏறக்குறைய எல்லா நூல்களிலும் ஒரே நாய் வந்து வாலாட்டிவிட்டுப் போயிற்று. அதன் பெயர் மணி அல்லது டோமி. அது நன்றியுள்ளது. பள்ளி முடிந்து வீடு திரும்பினால் ஓடிவந்து வரவேற்கும். இவர்களுள் பாதிப்பேர் அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள். அங்கு நாய் இருக்கவே வழியில்லை என்பதை நான் நன்கறிவேன். ஆயினும் எழுத்துப்பிழைகளை மட்டும் வட்டமிட்டுவிட்டுப் புள்ளி போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு நூலில் மட்டும் மூன்றே வரிகள். தன்னிடம் செல்லப்பிராணி இல்லையென்றும், நாயைக் கண்டால் அச்சமென்றும், பூனையின் மயிர் கையில் பட்டாலே அருவருப்பாக இருக்கிறதென்றும் அந்த மாணவன் எழுதியிருந்தான். 'தலைப்பையொட்டி எழுதுக' என்று சிவப்பு மையில் எழுதப் போனேன்; கை நின்றுவிட்டது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் உண்மையை எழுதியவன் இவன் ஒருவன்தானோ என்ற ஐயம் எழுந்தது. தவிர, எனக்கும் விலங்குகள் மீது பெரிதாகப் பற்று கிடையாது. உறவினர் வீட்டு நாய் பாய்ந்துவந்து முழங்காலில் காலூன்றும்போது, "ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்" என்பார்கள். நானும் சிரித்தபடி நிற்பேன். அது ஒன்றும் செய்யாதுதான். ஆனால், எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒருபோதும் வாய் வந்ததில்லை. விலங்குகளிடம் அன்பில்லாதவன் மனிதரிடமும் அன்பற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம்!

நம் பாடநூல்களும் இதற்கு ஒரு காரணம் எனலாம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், புறாவுக்காகத் தசையரிந்த சிபியையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனையும் நாம் கற்பிக்கிறோம். மிக நல்லது. ஆனால் பேகன் அந்த மயிலை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கவில்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அது மலையில் இருந்தது. போர்வையைக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். இரக்கம் வேறு, மடியில் வைத்துக் கொஞ்சுவது வேறு. அக்காலத் தோட்டப்புற லயங்களிலும் இதே நிலைதான். மாடு பால் தந்தது, நாய் வாசலைக் காத்தது, பூனை எலியைப் பிடித்தது. அவற்றுக்குச் சோறு வைத்தோம், மெத்தை விரிக்கவில்லை.

நிற்க. விலங்குகளை விரும்பாமைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நான் படித்தவற்றுள் மிகவும் வியப்பூட்டியது ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரெய்க்யவிக்கின் கதை. அந்நகரம் 1924ஆம் ஆண்டில் நாய் வளர்ப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை 60 ஆண்டுகள் நீடித்தது.

ஏன் தடை செய்தார்கள்? நாயின் மீது வன்மமா? இல்லை. ஐஸ்லாந்து ஆடு வளர்ப்போரின் நாடு. மலைச்சரிவுகளில் சிதறி மேயும் ஆடுகளைத் திரட்டிவர நாயின்றி இயலாது. எனவே பண்ணைதோறும் நாய்கள் இருந்தன. குளிர் கடுமையான நாடாகையால் மனிதரும் நாய்களும் ஒரே கூரையின் கீழ் நெருங்கி வாழ்ந்தனர். ஆட்டை வீட்டிலேயே அறுத்து, வேண்டாத ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடுவது வழக்கம். அந்த ஈரலில் நீர்க்கட்டிகள் இருந்தால், அவற்றிலிருந்து நாயின் குடலில் ஒரு நாடாப்புழு வளரும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அற்பப் புழு. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி, அதன் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். தடவிக்கொடுக்கும் குழந்தையின் விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் போகும். பல ஆண்டுகள் கழித்து அம்மனிதனின் ஈரலில் நீர்க்கட்டியொன்று மெல்லப் பருத்து வளரும். அறுவை மருத்துவம் வளராத காலத்தில் பலருக்கு அதுவே முடிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்பட்ட நாடுகளுள் ஐஸ்லாந்து முன்னணியில் இருந்தது.

1863ஆம் ஆண்டில் ஹரால்டு கிராப்பே என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர் அங்குச் சென்றார். 100 நாய்களை அறுத்து ஆராய்ந்தார். 28 நாய்களின் குடலில் அப்புழு இருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. எளிய நடையில் ஒரு சிறு நூல் எழுதினார். நோய் எப்படி வருகிறது, உறுப்புகளை நாய்க்குப் போடாமல் எரிக்கவோ புதைக்கவோ வேண்டியது ஏன் என்பதையெல்லாம் அதில் விளக்கினார். அந்நூல் ஐஸ்லாந்து மொழியில் அச்சாகி வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. குளிர்கால நெடும் இரவுகளில் குடும்பமாக அமர்ந்து நூல் வாசிக்கும் வழக்கம் உடைய மக்கள் அவர்கள். ஆகவே அந்தச் சிறு நூல் வீண்போகவில்லை. பின்னர் 1869இல் சட்டம் வந்தது. தேவைக்கு மேல் வைத்திருக்கும் நாய்களுக்கு வரி விதிக்கப்பட்டது. நாய்களுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும் பின்னாளில் கட்டாயமாயிற்று.

இப்படியொரு தலைமுறை வளர்ந்தது. நாயைத் தொட்டால் கையைக் கழுவு, முகத்தை நக்க விடாதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறை. அவர்களுட் பலர் பண்ணையை விட்டு நகரத்துக்கு வந்தனர். 1924இல் ரெய்க்யவிக்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 20,000. அங்கு மேய்க்க ஆடு இல்லை. ஆடில்லாத இடத்தில் நாய்க்கு என்ன வேலை? தடை விதித்தபோது அவர்கள் கேட்ட கேள்வி இதுதான். நாட்டுப்புறத்தில் நாய்கள் தொடர்ந்து உழைத்தன. நகரத்தில் மட்டும் இல்லை. பூனைக்குத் தடை இல்லாததால், ரெய்க்யவிக் பூனைகளின் நகரமாக மாறியது தனிக்கதை!

தடை நல்லதா, கெட்டதா? நாய் வளர்ப்போர் அதைக் கொடுமை என்பர். என் போன்றவர்க்கோ அந்நகரம் ஒரு சொர்க்கம் எனத் தோன்றும். ஆயினும் நடுநிலையோடு பார்த்தால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. தடை மட்டும் ஒழியவில்லை. காரணம் போன பின்னும் வெறுப்பு தங்கிவிட்டது. பழக்கத்தைச் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தனர். நகரில் ஒளித்து நாய் வளர்த்தவர் பலர்.

அவர்களுள் ஒருவர் நாட்டின் நிதியமைச்சர்! ஆல்பர்ட் குட்மண்ட்சன் என்பது அவர் பெயர். இளமையில் பெரும் காற்பந்தாட்ட வீரர். இத்தாலியின் ஏசி மிலான் குழுவுக்கும், இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவுக்கும் ஆடியவர். அவர் வீட்டில் லூசி என்றொரு நாய் இருந்தது. 1984இல் செய்தி வெளியே வந்து, சட்டத்தை மீறினார் என்று அமைச்சர் மீதே நடவடிக்கை எடுக்கப்பட்டது; அபராதமும் விதிக்கப்பட்டது. நாயைப் பிரிவதைவிட நாட்டைவிட்டே போய்விடுவேன் என்று அவர் அறிவித்தார். உலக நாளேடுகளெல்லாம் இதை எழுதின. அதே ஆண்டில் நகர மன்றம் தடையைத் தளர்த்தியது. உரிமம் பெறவேண்டும், வெளியில் கயிறு கட்டியே அழைத்துச் செல்லவேண்டும் என்பவை அதற்கான விதிகள். 1988இல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது வாக்களித்தவருள் பெரும்பாலோர் நாய் வேண்டாம் என்றே சொன்னார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர் மிகச் சிலர். அனுமதி நிலைத்துவிட்டது. (வெறுப்பவர்கள் சோம்பேறிகள், நேசிப்பவர்கள் சுறுசுறுப்பானவர்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?)

ரெய்க்யவிக்கின் தடைக்குப் 14 ஆண்டுகளுக்கு முன்னர், 1910இல், இன்னொரு நகரமும் நாய் வேண்டாம் என்றது. அது இன்றைய இஸ்தான்புல். அங்குத் தெரு நாய்கள் நூற்றாண்டுகளாகத் தெருவுக்குத் தெரு வாழ்ந்துவந்தன. மக்கள் உணவும் நீரும் வைத்தனர். நகரத்தை ஐரோப்பிய நகரம்போல் ஆக்கவேண்டும் என விரும்பிய புதிய ஆட்சியாளர்கள் பல்லாயிரம் நாய்களைப் பிடித்துக் கப்பலேற்றி, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாடா என்னும் வெறும் பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டனர். தீவில் குடிநீர் இல்லை, உணவில்லை. அவை ஒன்றையொன்று தின்று மாண்டன. அந்த ஊளை கடலைத் தாண்டிக் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாய் பிடிக்காத எனக்கே! பிடிக்காது என்பதற்கும் வதைப்பது என்பதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்பதை அன்று உணர்ந்தேன்.

அப்படியானால் நேசித்தவர்கள் எப்போதும் சரியாக நடந்துகொண்டார்களா? அதுவும் இல்லை. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் முதன்முதலாகத் தோன்றியது இலண்டனில்தான். நாய்ப் பிரியர்களின் நாடு அது. விக்டோரியா மகாராணியாரே பெரும் நாய்ப் பிரியர். அந்நாட்டில் வெறிநாய்க்கடி நோய் மக்களை அச்சுறுத்தி வந்தது. 1897இல் வேளாண்மைத் துறைத் தலைவர் வால்டர் லாங், நோய் கண்ட வட்டாரங்களில் எல்லா நாய்களுக்கும் வாய்க்கூடு மாட்டவேண்டும் என ஆணையிட்டார். உடனே நாய்ப் பிரியர்கள் கொதித்தெழுந்தனர். வாயில்லா உயிரின் வாயைக் கட்டுவதா என்று கூட்டங்கள் போட்டனர், கண்டித்து எழுதினர். அவர் அசையவில்லை. 1902இல் பிரிட்டன் அந்நோயிலிருந்து விடுபட்டது. வாய்க்கூட்டால் பிழைத்தவர் மனிதர் மட்டுமல்லர், எத்தனையோ நாய்களும்தாம்.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. நம் நாட்டில் பல்லாண்டுகள் இல்லாதிருந்த வெறிநாய்க்கடி நோய், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. பினாங்கில் தெரு நாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பினாங்குக்குச் சுற்றுலா போகாதீர் என்று விலங்கு நேசர்கள் இயக்கம் நடத்தினர். கொல்வதைவிடத் தடுப்பூசி போடுவதே நோயை நிறுத்தும் என்ற அவர்களின் வாதம் மருத்துவ நோக்கில் சரியானதே. நேசித்தவர்கள் பக்கம் அறிவும் இருந்த இடம் அது. ஆனால் 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் அந்நோயால் முதலில் இறந்தவர்கள் குழந்தைகள். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையவர்கள். அதன்பிறகும் அங்கு உயிரிழப்புகள் தொடர்ந்தன. 'நாய் ஒன்றும் செய்யாது' என்னும் சொல் எனக்கு அன்றுமுதல் வேறுவிதமாகக் கேட்கிறது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையை நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சொன்னால் அப்பா அடிப்பார் என்றஞ்சிக் கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த அச்சத்தை முதலில் போக்குங்கள்.

மீண்டும் அந்த மூன்று வரி மாணவனிடம் வருகிறேன். ஓய்வு நேரத்தில் அழைத்துக் கேட்டேன். தந்தையின் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வரும்போது ஒருநாள் நாய் துரத்தியதாம். வண்டி சாய்ந்து தந்தைக்குக் கை முறிந்ததாம். இரண்டு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லையாம். இதை எழுதியிருந்தால் வகுப்பிலேயே சிறந்த கட்டுரையாக அமைந்திருக்கும். ஆனால் தலைப்பில் அதற்கு இடமில்லை. தலைப்பைக் கொடுத்தவன் நான். 'நானும் விலங்குகளும்' என்று தலைப்பை மாற்றி, விரும்பியவர்கள் மீண்டும் எழுதலாம் என்றேன். ஆச்சரியம்! மேலும் நான்கு பேர் தங்கள் மணியையும் டோமியையும் கைவிட்டுவிட்டார்கள். ஒரு மாணவி, பாட்டி வீட்டுச் சேவல் தன்னைக் கொத்திய கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

அன்று வகுப்பில் ரெய்க்யவிக்கின் கதையைச் சொன்னேன். பாதி வகுப்பு அமைச்சர் பக்கம் நின்றது. லூசிக்கு என்ன ஆயிற்று என்றே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மட்டும் கையை உயர்த்தினான்.

"சார், அந்த ஊருல இப்பவும் நாய் இல்லையா?"

"இப்போது இருக்கிறது. 1984இலிருந்து அனுமதி கொடுத்துவிட்டார்கள்" என்றேன்.

முகம் சற்று வாடியது. பிறகு கேட்டான்.

"கயித்துல கட்டித்தானே கூட்டிட்டுப் போவாங்க?"

"ஆமாம். அதுதான் விதி."

"அப்பன்னா சரி, சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.