மூன்றாம் வாரத்து மரணம்

கடல்நீர்த் தொட்டியை வீட்டில் வைத்துப் பழகியோர் பலரும் கண்ட காட்சி ஒன்றுண்டு. நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். உப்பின் அளவிலும் வெப்பத்திலும் குறை காண முடியாது. மீனின் உடலில் புண்ணோ புள்ளியோ இராது. ஆயினும் இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ மீன் இரை மறுக்கும். செவுள்கள் படபடக்க நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும். மறுநாள் விடியலில் மணலின்மீது கிடக்கும். இம்மரணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் காரணம் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. கண்டறிந்தவர்கள் மீனைத் தேடிப் போனவர்கள் அல்லர்; மண்ணைத் தோண்டியவர்கள். அதனாலேயே அச்செய்தி மீன் வளர்ப்போரின் செவியை எட்ட ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

1846இல் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். வழியில் அவை உருண்டு சிதையாதிருக்க, ஊசி நூல் கொண்டு அவற்றை ஒரு கடற்பஞ்சின்மீது தைத்து வைத்தார் என்பது சுவையான செய்தி. தொடக்கத்தில் கடலிலிருந்து புதுநீர் வரவழைக்கப்பட்டது. பின்னர் அதே நீரைத் திறந்த சாளரத்தின் முன் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றிக் காற்றேற்றும் வழக்கம் வந்தது. நாள்தோறும் அரைமணி நேரத்திற்கும் மேலாக அதைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். அறிவியல் வரலாற்று நூல்களில் அந்தப் பணிப்பெண்ணின் பெயர் இல்லை. அடுத்த ஆண்டில் கடற்பாசியும் சேர்க்கப்பட்டது. பவளங்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாழ்ந்தன.

அன்னா தின் கைப்பழக்கமாகச் செய்ததற்குக் கோட்பாடு வகுத்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் மன்றத்தின் வேதியியலாளரான அவர், பன்னிரண்டு காலன் அளவுள்ள நன்னீர்த் தொட்டியில் இரு பொன்மீன்களையும் வேலிசுநேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டார். இலைகள் அழுகி நீர் கலங்கியபோது அவற்றைத் தின்னக் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். தொட்டி தெளிந்தது. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி உண்கிறது. செடி விடும் உயிர்வளியை மீன் நுகர்கிறது. அழுகலை நத்தை அகற்றுகிறது. 1850இல் வேதியியல் கழகத்தில் வெளியிட்ட இச்சமநிலைக் கோட்பாட்டைப் பின்னர் அவர் கடல்நீருக்கும் விரித்தார்.

கோட்பாடு அழகியது, பாதி உண்மையும் கூட. மறுபாதியில்தான் மீன்கள் மடிந்தன. மீன் தன் செவுள்வழியே அம்மோனியாவையும் வெளியேற்றுகிறது. அதன் கணக்கு வாரிங்டனின் சமன்பாட்டில் முழுமையாக இல்லை.

1845இல் கண்ணாடி வரி நீங்கியது. ரயில் பாதைகள் கடற்கரைகளைத் தொட்டன. 1853இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி கோஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ வெளிவந்தது. நடுத்தர வர்க்கத்து வீடுதோறும் கடல் புகுந்தது. புகுந்த கடல் சில வாரங்களில் நாறியது. இறந்தவற்றின் இடத்தை நிரப்ப மக்கள் மீண்டும் பாறைக் குட்டைகளுக்கே சென்றனர். ஒரு தலைமுறை கழிவதற்குள் அந்தக் கரைகள் வெறுமையுற்றதைக் கோஸின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தம் நினைவுநூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார். காரணம் அறியப்படாத மரணத்தின் விலையைத் தொட்டிக்கு வெளியே இருந்த கடலும் செலுத்தியது.

அக்காலத்தவருள் உண்மைக்கு மிக அருகில் சென்றவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு என்னும் வணிகர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். காட்சித் தொட்டிகளின் நீரை அவற்றினும் பன்மடங்கு பெரிய, ஒளி புகாத நிலத்தடித் தேக்கத்திற்கு அனுப்பி, ஓய்வின்றிச் சுழற்றும் முறையை அவர் வகுத்தார். 1864இல் ஹாம்பர்க் நகரிலும், 1871இல் லண்டன் பளிங்கு மாளிகையிலும் அம்முறை வெற்றி கண்டது. பச்சைப்பாசி படராதிருக்கவே அவர் இருளை விரும்பினார். அந்த இருள் வேறொன்றையும் வளர்த்தது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

இவ்விடத்தில் மீன்தொட்டியை விட்டு வெடியுப்பிற்குச் செல்ல வேண்டியுள்ளது. பீகாரின் நோனியா சமூகத்தார் மாட்டுத் தொழுவங்களின் ஓரத்திலும் பழஞ்சுவர்களின் அடியிலும் பூத்த உவர்மண்ணைச் சுரண்டி, கரைத்து, வடித்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தனர். பாட்னா வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த அவ்வுப்பே பிரிட்டனின் வெடிமருந்துக்கு ஆதாரம். அது கிட்டாத பிரான்ஸ், சாணமும் சிறுநீரும் மண்ணும் கலந்த பாத்திகளில் வெடியுப்பு விளைத்தது. சிறுநீரின் அம்மோனியா மண்ணில் எவ்வாறு நைட்ரேட்டாக மாறுகிறது என்னும் வினா, எனவே, போர் அமைச்சகங்களுக்கும் உரிய வினாவாக இருந்தது. வெறும் வேதிவினை என்றே பலர் நம்பினர்.

1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டனர். முதல் இருபது நாள்கள் எந்த மாற்றமும் இல்லை. நுழைந்த அம்மோனியா அப்படியே வெளிவந்தது. பின்னர் நைட்ரேட் தோன்றியது, அம்மோனியா மறைந்தது. வெறும் வேதிவினை ஏன் இருபது நாள்கள் காத்திருக்க வேண்டும்? குழாயினுள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றது. சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. குழாயில் வேலை செய்தது உயிர் என்பது தெளிவாயிற்று.

அந்த இருபது நாள்களை மீன் வளர்ப்போர் கூர்ந்து நோக்கத் தக்கது. புதுத்தொட்டியில் மீன் மடியும் காலமும் அதுவே. மணலிலும் கல்லிலும் நுண்ணுயிர் பெருகும் வரை அம்மோனியா ஏறிக்கொண்டே இருக்கிறது. நன்னீரினும் கடல்நீரில் இது கொடிது. அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு, நீரின் காரத்தன்மையைக் குறிக்கும் பிஎச் எண் ஒன்று உயர்ந்தால் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கடல்நீரின் பிஎச் 8.2ஐ ஒட்டியது. இரவில் மீன் இறந்ததும் பதறிய குடும்பத்தார் நீரைக் கொட்டி, மணலைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பிப் புதுமீனை விட்டால், முளைவிட்டிருந்த நுண்ணுயிரும் கழுவுநீரோடு போய்விடும். கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும். துப்புரவு மிக்க வீடுகளிலேயே மரணம் மிகுந்திருக்கும் என்பது இதிலுள்ள கொடுமை.

பிரெஞ்சு ஆய்வை இங்கிலாந்தில் தொடர்ந்தவர் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தின் வேதியியலாளர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். பொன்மீன் தொட்டி வாரிங்டனின் மகன். தந்தை 1867இல் மறைந்திருந்தார். இம்மாற்றம் இருளிலேயே செவ்வனே நிகழ்கிறது என்பதை மகன் 1878இல் கண்டார். லாய்டின் நிலத்தடித் தேக்கம் இங்கு நினைவுக்கு வருகிறது. அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்னரே நைட்ரேட்டாகவும் மாறுகிறது என்றும், ஒவ்வொரு படிக்கும் தனித்தனி உயிர் உண்டு என்றும் அவர் தொடர்ந்து நிறுவினார். அவ்வுயிர்களைத் தனியே பிரிக்க மட்டும் அவரால் இயலவில்லை. 1890இல் சூரிச் நகரில் வினோகிராட்ஸ்கி அதைச் செய்து முடித்தார். பிறர் நுண்ணுயிருக்கு ஊட்டமான கரிம உணவு கொடுத்துத் தோற்றனர். அவர் அவ்வுணவை அறவே நீக்கி வென்றார்.

தந்தையின் தொட்டியில் விடுபட்டிருந்த கணக்கை மகனே எழுதி முடித்தார் எனலாம். எனினும் அது வயலுக்கும் உரத்திற்கும் உரிய அறிவாகவே நின்றது. வேளாண் இதழ்களை மீன் வளர்ப்போர் படிக்கவில்லை. ‘பழகிய நீர்’ நல்லது, புதுநீர் ஆகாது என்னும் அனுபவ மொழியோடு அவர்கள் அரை நூற்றாண்டிற்கும் மேலாகக் காலந்தள்ளினர். பழகியது நீரா மணலா என்று கேட்பார் அரிது. 1950களில் மணலுக்கு அடியில் தட்டு வைத்து நீரை இழுக்கும் வடிகட்டி வீடுகளில் பரவலாயிற்று. அழுக்கை வடிப்பதற்கெனப் பலர் வாங்கிய அக்கருவி, மணல் முழுவதையும் ஷ்லோசிங்கின் குழாயாக மாற்றியது. 1970இல் ஸ்டீபன் ஸ்பாட் எழுதிய மீன் வளர்ப்பு நூல் நுண்ணுயிர் வடிகட்டலை விளக்கமாக முன்வைத்த பின்னரே, அம்மோனியாவை அளந்து பார்க்கும் வழக்கம் மெல்ல வேரூன்றியது.

எல்லா மரணங்களுக்கும் அம்மோனியாவே காரணம் என்று கொள்வதற்கில்லை. செவுளைத் துளைத்து வாழும் கடல் ஒட்டுண்ணி ஒன்றை, லண்டன் விலங்கியல் தோட்டத்து மீன்களைக் கொண்டு பிரவுன் என்னும் ஆய்வாளர் 1931இல் விவரித்தார். உடலில் தூசுபோன்ற படலம் தெரிவதற்கு முன்பே அது மீனைக் கொன்றுவிட வல்லது. ஆனால் அது மீனோடு வெளியிலிருந்து வருவது. மூன்றாம் வாரத்து மரணமோ, எதுவும் வராமலேயே நிகழ்வது.

வினோகிராட்ஸ்கியின் நுண்ணுயிர்களே கடல்நீர்த் தொட்டியிலும் முழுப் பணியையும் செய்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2005இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, அம்மோனியாவை உண்டு வாழும் முற்றிலும் வேறொரு உயிரைத் தனியே பிரித்து வளர்த்தது. அது பாக்டீரியாவே அன்று. ஆர்க்கியா என்னும் தனிப்பேரினத்தைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவினங்கள் உலகக் கடல்களின் நுண்ணுயிர்த் தொகையில் பெரும்பங்கு வகிப்பவை. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிடப்பட்ட அவ்வுயிர் பிடிபட்ட இடம் ஆழ்கடல் அன்று. சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றின் அடியில் கிடந்த சரளைக்கல்லில் அது இருந்தது.