பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் (1995 தொலைக்காட்சித் தொடர்)

ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, அதே பெயரில் வந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் இது. பிபிசி ஒன்னில் 1995 செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை ஆறு வாரம் ஒளிபரப்பானது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ். இயக்கம் சைமன் லாங்டன். எலிசபெத் பென்னட்டாக ஜெனிஃபர் ஈலியும் டார்சியாக காலின் ஃபர்த்தும் நடித்தனர்.

ஆஸ்டினின் நாவலில் பாதிச் சுவை கதைசொல்லியின் குறும்பில் இருக்கிறது. திரையில் அந்தக் குரலுக்கு இடமில்லாததால், நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தை டேவிஸ் எலிசபெத்தின் வாயிலேயே வைத்துவிட்டார். அதைவிடப் பெரிய மாற்றம் டார்சி. நாவல் பெரும்பாலும் எலிசபெத்தின் பார்வையில் நகர்வதால், அவள் இல்லாதபோது டார்சி என்ன செய்கிறான் என்பது வாசகருக்குத் தெரியாது. தொடரிலோ அவன் வாள்வீச்சு பழகுகிறான், இராமுழுக்கக் கடிதம் எழுதுகிறான், தன் பெம்பர்லி மாளிகையின் குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு அவள் எதிரே வந்து நிற்கிறான். இந்தக் குளத்துக் காட்சி நாவலில் கிடையாது. ஆனால் தொடரைப் பற்றிய பேச்சு எப்போதும் அதில்தான் தொடங்குகிறது. இப்படி அவனைத் தனியே காட்டியதால் டார்சியின் புதிர் சற்றுக் குறைந்தது உண்மை.

தொடரின் மெய்யான இன்பம் அதன் நிதானம். ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுவதால், டார்சி மீது எலிசபெத்துக்கு இருந்த வெறுப்பு மதிப்பாக மாறுவதைப் படிப்படியாகக் காட்ட முடிகிறது. பெம்பர்லியில் டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசிக்கும்போது, டார்சியின் நண்பனின் தங்கை செல்வி பிங்லி, முன்பு ஜார்ஜியானாவை ஏமாற்றி உடன் ஓடிவரச் செய்யப் பார்த்த விக்கமின் பேரை வேண்டுமென்றே எடுக்கிறாள். வாசிப்பு தடுமாறி நிற்கிறது. எலிசபெத் சட்டென்று பேச்சை மாற்றி அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறாள். பிறகு அவளும் டார்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நீண்ட பார்வையில் வசனமே இல்லை. இரண்டு மணி நேரப் படத்தில் இதற்கு இவ்வளவு கனம் சேர்வது கடினம்.

திருமதி பென்னட்டாக அலிசன் ஸ்டெட்மனின் கூச்சல் முதலில் மிகையாகப் படலாம். கணவர் இறந்தால் வீடு அவருடைய உறவினர் காலின்ஸுக்குப் போகும், மணமாகாத மகள்களோ ஐவர் என்பதை எண்ணினால் அது கூச்சலல்ல, பயம்.

பெம்பர்லியின் வெளிப்புறம் செஷயரின் லைம் பார்க்கிலும் உட்புறம் டெர்பிஷயரின் சட்பரி ஹாலிலும் படமாக்கப்பட்டன. ஈலிக்குச் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருது கிடைத்தது. ஹெலன் ஃபீல்டிங் இந்த டார்சியின் மயக்கத்தில் தம் ‘பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி’ நாவலின் நாயகனுக்கு மார்க் டார்சி என்று பெயரிட்டார், 2001இல் அது திரைப்படமானபோது அந்த வேடத்தில் நடித்தவரும் ஃபர்த்தே.